பைக்காவும் வீசலும்: மலைக்குக் கேமராவோடு தனியாகக் கிளம்புகிறவர்களுக்கு

மலைமேல் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஓடும் சிறு பாலூட்டிகளைப் படமெடுக்க ஒரு பருவம் முழுவதையும் கொடுத்துவிட்டு, உருப்படியாக எதுவும் கையில் இல்லாமல் இறங்கி வந்த வருத்தத்தில்தான் இதை எழுத ஆரம்பித்தேன். பறவைக்கும் புலிக்கும் யானைக்கும் வழி சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும் பைக்காவுக்கும், அதை வேட்டையாட வரும், கீரி மாதிரி நீண்டு மெலிந்த உடம்புள்ள வீசலுக்கும் என்று கேட்டால் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: வேகமான கேமரா வாங்கு, ஷட்டர் வேகத்தை ஏற்று. பணமெல்லாம் அதில்தான் போகிறது. படம் வேறு இடத்திலிருந்து வருகிறது. அந்த உயிர் எந்தக் கல்லில் வந்து நிற்கும் என்று தெரிந்து, அது வருவதற்கு முன்பே அங்கே அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கேமரா, லென்ஸ், உடம்பு, நேரம் எல்லாமே அந்த ஒரு கல்லுக்காகத் தயாராக வேண்டும். இதைக் கிளம்பும் முன் ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பருவம் மிஞ்சியிருக்கும்.

முதலில் விலங்கைப் பற்றி. பைக்கா முயல் வரிசையைச் சேர்ந்தது. வட்டக் காதும் உருண்டை உடம்புமாக எலி மாதிரி தெரியும். வால் வெளியே தெரியாது. உலகில் ஏறக்குறைய 30 இனங்கள் இருக்கின்றன. வட அமெரிக்காவில் இரண்டே இரண்டு. மற்றவை பெரும்பாலும் ஆசியாவில். இமயமலையின் பாறைச் சரிவுகளில் ராய்லி பைக்காவும் பெருங்காது பைக்காவும் உண்டு. திபெத்தியப் பீடபூமியில் புல்வெளியில் வளை தோண்டி வாழும் இனம் வேறு. ராக்கி மலைகளில் அமெரிக்க பைக்கா. இது 120 முதல் 175 கிராம் எடை, 20 சென்டிமீட்டருக்குச் சற்று முன்பின் நீளம். குளிர்காலத்தில் நெடுந்தூக்கம் போடாது. பனிக்கு அடியில் விழித்தே இருக்கும். அடர்ந்த ரோமம், 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய உடல்வெப்பம். நமக்கு இதமாகத் தெரியும் 26, 28 டிகிரியில் ஒதுங்க இடமில்லாமல் மாட்டிக்கொண்டால் அமெரிக்க பைக்கா சில மணி நேரத்தில் செத்துக்கூடப் போகும். அதனால்தான் வெயில் ஏறியதும் கற்களுக்கு அடியில் இருக்கும் குளிர்ந்த காற்றுக்குப் போய்விடுகிறது. கோடையில் வேலை நேரம் என்பது விடிந்ததிலிருந்து கல் சூடேறும் வரை, பிறகு சரிவில் நிழல் விழுந்ததிலிருந்து இருட்டும் வரை. நடுப்பகலில் சரிவையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்தால் உங்களுக்குத் தலைவலிதான் மிஞ்சும். மேகமூட்டமான நாள் மட்டும் விதிவிலக்கு. அன்று நாள் முழுக்க வெளியே வரக்கூடும். வெயில் தெளிவாக இருக்கிறதே என்று குஷியாகக் கிளம்புவதும், மூட்டமாக இருக்கிறதே என்று கூடாரத்தில் படுத்துக்கொள்வதும் இந்த வேலைக்கு நேர் எதிரானவை.

மேலே போனவுடன் கேமராவை எடுக்கத் துடிப்பீர்கள். எடுக்காதீர்கள். 2,500 மீட்டருக்கு மேலே உயரத்தின் பாதிப்பு யாருக்கும் வரலாம். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை ஒரே உயரத்தில் ஓய்வாக இருக்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் சொல்லப்படும் அளவு. தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் வந்தால் மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும். நேர்க்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்க முடியாமல் தடுமாறினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அந்த நிமிடமே இறங்க வேண்டும், இரவானாலும் சரி. தனியாகப் போகிறவருக்கு இதில் கூடுதல் ஆபத்து இருக்கிறது: குழப்பம் வந்துவிட்டது என்பதே குழம்பியவருக்குத் தெரியாது. எனக்கு மலையில் உண்மையான பயம் என்று இருப்பது இது ஒன்றுதான், விலங்குகளால் அல்ல. அதனால் எங்கே இருப்பேன், எத்தனை மணிக்குள் திரும்புவேன், வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கீழே ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சரிவில் கால் வைப்பது. உடம்பு உயரத்துக்குப் பழகும் இந்த ஓய்வு நாட்கள் வீணில்லை. பைனாகுலரும் நோட்டுப் புத்தகமும் மட்டும் எடுத்துக்கொண்டு கல்லைத் தேடும் வேலைக்கு இவைதான் சரியான நாட்கள்.

எல்லாக் கல்சரிவிலும் பைக்கா இருக்காது. பக்கத்திலேயே புல்லோ செடிகளோ உள்ள சரிவு வேண்டும், ஏனென்றால் அது மேயப் போவது சரிவின் ஓரத்தைத் தாண்டிச் சில பத்து மீட்டர்தான். கற்கள் உள்ளே புகுந்து ஓட இடைவெளி விடும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். மண் அடைத்த சரளைச் சரிவு உதவாது. கிட்டே போனால் தடயங்கள் தெரியும். மிளகளவு உருண்டைப் புழுக்கைகள் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். அது அடிக்கடி உட்காரும் கல்லின் விளிம்பில் சிறுநீர் காய்ந்து வெண்கறையாகப் படிந்திருக்கும். அந்த உரத்தில், பாசி போலக் கல்லில் ஒட்டிப் படரும் லைக்கன் ஆரஞ்சு நிறத்தில் வளர்ந்து தூரத்திலிருந்தே கண்ணில் படுவதும் உண்டு. அமெரிக்க பைக்கா கோடையின் பிற்பகுதியில் செடிகளை வாயில் கவ்விக் கொண்டுவந்து, தொங்கும் கல்லுக்கு அடியில் வைக்கோற்போர் மாதிரி போர் போடும். அந்தப் போர் கண்ணில் பட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது: ஒரே பாதையில், ஒரே கல்லைத் தாண்டி, வாய் நிறையப் பூவும் இலையுமாகத் திரும்பத் திரும்ப வரும். ஆனால் எல்லா இனமும் இப்படிப் போர் போடுவதில்லை. ராய்லி பைக்காவிடம் இதை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். அது அதிகம் குரலும் கொடுக்காது. அமெரிக்க பைக்காவைப் போலக் கீச்சிட்டு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்காது. அங்கே பைனாகுலரில் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பைனாகுலரில் பார்க்கும்போது விலங்கைப் பார்க்காதீர்கள், நிற்கும் இடங்களை எண்ணுங்கள். ஓடிவந்து எந்தக் கல்லில் நின்றது, எந்தப் பக்கம் முகம் வைத்தது, எத்தனை நொடி நின்றது, எந்த இடுக்கில் மறைந்தது, எத்தனை மணி. ஒரு காலையும் ஒரு மாலையும் இப்படி எழுதினாலே இரண்டு மூன்று கற்கள் மறுபடி மறுபடி வரும். அவற்றில் காலை ஒளி எதன்மேல் முதலில் விழுகிறது, எதற்குப் பின்னால் தூரத்துச் சரிவு மங்கலாகத் தெரிகிறது என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். மறுநாள் இருட்டோடு போய், சரிவின் நடுவில் ஏறாமல் ஓரத்திலேயே, அந்தக் கல்லிலிருந்து பத்து மீட்டரில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். நீங்கள் வந்து உட்கார்ந்ததும் எல்லாம் உள்ளே போய்விடும். அரை மணி நேரம்கூட ஒன்றும் நடக்காது. அந்த அரை மணியில்தான் எழுந்து இடம் மாற்றத் தோன்றும். மாற்றினால் மறுபடி முதலிலிருந்து அரை மணி. எனக்குப் போன நேரத்தில் பெரும்பகுதி இப்படித்தான் போனது.

பத்து மீட்டர் என்று சொல்வதற்குக் கணக்கு இருக்கிறது. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (36 மி.மீ. அகல சென்சார் உள்ளது) 500 மி.மீ. லென்ஸ் போட்டால், 20 மீட்டர் தூரத்தில் இருக்கும் 18 சென்டிமீட்டர் பைக்கா படத்தின் அகலத்தில் எட்டில் ஒரு பங்குதான் நிரப்பும். பத்து மீட்டரில் கால் பங்கு. ஆறு மீட்டரில் கிட்டத்தட்டப் பாதி. ஆறுக்கே போய்விடலாமே என்றால், இன்னொரு கணக்கு குறுக்கே வரும்: எஃப் 5.6-இல் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்) பத்து மீட்டர் தூரத்தில் தெளிவு நிற்கும் ஆழம் 13 சென்டிமீட்டர் அளவு. ஆறு மீட்டரில் வெறும் 5 சென்டிமீட்டர். மூக்கு தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும். எஃப் 8-க்குப் போனால் ஆழம் கூடும், ஆனால் விடியற்காலை வெளிச்சத்தில் சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ இரட்டிப்பாகிவிடும். அதனால் அசையாமல் இருக்கும் விலங்குக்கு ஆறேழு மீட்டரும் எஃப் 8-உம், ஓடுவதற்குப் பத்து மீட்டரும் எஃப் 5.6-உம் என்று நான் வைத்துக்கொள்கிறேன். உங்கள் லென்ஸின் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரத்தையும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். பெரிய டெலி லென்ஸ்கள் பலவற்றில் அது மூன்று நான்கு மீட்டர். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பவரின் காலடிக்கே பைக்கா வந்து மேயும்போது ஃபோகஸ் பிடிக்காமல் தவிப்பது கொடுமை.

இனி ஷட்டர் வேகம். எல்லோரும் 1/2000 நொடி போதும் என்கிறார்கள். ஒரு பைக்காவோ வீசலோ நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் குறுக்கே ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர். பத்து மீட்டர் தூரத்தில், 500 மி.மீ. லென்ஸில், சென்சார் மேல் அதன் பிம்பம் நொடிக்கு 263 மி.மீ. நகரும். 1/2000 நொடியில் 0.13 மி.மீ. 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சல் 0.006 மி.மீ. என்றால், லென்ஸை அசைக்காமல் வைத்திருந்தால் 22 பிக்சல் அகலத்துக்குப் படம் இழுபடும். 1/4000 போட்டாலும் 11 பிக்சல். கேமராவின் சிறிய திரையில் இது தெரியவே தெரியாது. கூடாரத்தில் பார்க்கும்போது எல்லாம் அற்புதமாக இருக்கும். வீட்டில் பெரிய திரையில் போட்டதும் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடுதான் இருக்கும். அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, அழுகை. ஆகவே குறுக்கே ஓடும்போது லென்ஸும் கூடவே ஓட வேண்டும். கூடவே நகர்த்தினால் 1/2000 தாராளம். நேராக நம்மை நோக்கி வந்தால் இழுபடுவது குறையும், ஆனால் ஃபோகஸ் தவறும். நின்று மெல்லும் பைக்காவுக்கு 1/500, குரல் கொடுக்கும்போது உடம்பே குலுங்கும் என்பதால் 1/1000. திரையில் பார்க்கும்போது எப்போதும் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கண்ணை மட்டும் பாருங்கள். முதல் நாளே இதைச் செய்தால் மிச்ச நாட்கள் பிழைக்கும்.

கல்லிலிருந்து கல்லுக்குத் தாவும் கணத்தைப் பிடிக்க ஆசைப்படாதவர் யார்? மனிதரின் எதிர்வினை நேரம் கால் நொடி அளவு. அந்தக் கால் நொடியில் மேலே சொன்ன வேகத்தில் அது 1.25 மீட்டர் போயிருக்கும். நமது ஃப்ரேமின் மொத்த அகலமே அந்தத் தூரத்தில் 68 சென்டிமீட்டர்தான். அதாவது தாவியதைக் கண்ணால் பார்த்து விரலை அழுத்துகிறவருக்கு வெறும் கல்தான் கிடைக்கும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவானாலும் சரி. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தாவப்போவதன் அறிகுறியைப் படிப்பது: தலையைத் தாழ்த்திப் பின்னங்கால்களை உள்ளே இழுக்கும்போதே அழுத்த வேண்டும். இரண்டு, இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் இருக்கும் முன்பதிவு (ப்ரீ-கேப்சர்) வசதி. பட்டனைப் பாதி அழுத்தி வைத்தால் படங்கள் தற்காலிக நினைவில் ஓடிக்கொண்டே இருக்கும். முழுதாக அழுத்தும்போது அதற்கு முந்தைய அரை நொடியோ ஒரு நொடியோ சேர்ந்து கார்டில் பதியும். இது உண்மையிலேயே பயன்படும் வசதி. ஆனால் சில கேமராக்களில் இது ஜேபெக் படமாக மட்டுமே கிடைக்கும், பேட்டரியையும் வேகமாகக் குடிக்கும். எலக்ட்ரானிக் ஷட்டரில் மட்டுமே இயங்கும் என்பதால், சென்சார் மெதுவாகப் படிக்கும் கேமராவில் ஓடும் விலங்கின் கால்கள் சாய்ந்து கோணலாகத் தெரியும். புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால் நொடிக்கு எத்தனை படம் என்பதைவிட இந்த மூன்றையும் விசாரியுங்கள்.

ஃபோகஸில் ஏமாற்றுவது நிறம். சாம்பல் கல்லின் மேல் சாம்பல் பைக்கா. பின்னால் இருக்கும் லைக்கன் படிந்த கல்லில் விலங்கைவிடக் கோடுகள் அதிகம். தானாகக் கண்ணைத் தேடும் வசதி சில நேரம் கண்ணைப் பிடிக்கும், சில நேரம் காதையோ கல்லில் உள்ள கரும்புள்ளியையோ கண் என்று நம்பிவிடும். மொத்த ஃப்ரேமையும் அதன் கையில் விடாமல், ஒரு சிறிய பகுதிக்குள் மட்டும் தேடும்படி கட்டுப்படுத்தி வையுங்கள். ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துப் பின்பக்க பட்டனுக்கு மாற்றினால், தேர்ந்தெடுத்த கல்லின் விளிம்பில் ஒரு முறை ஃபோகஸ் செய்துவிட்டு விரலை எடுத்துவிடலாம். விலங்கு அந்த விளிம்புக்கு வந்ததும் எடுக்க வேண்டியதுதான். லென்ஸ் முன்னும் பின்னும் தேடி அலையாது. லென்ஸில் ஃபோகஸ் எல்லையைக் குறுக்கும் ஸ்விட்ச் இருந்தால் கிட்டத் தூரத்தில் வையுங்கள், மாலையில் தூரத்துக்கு எடுக்கும்போது மறக்காமல் மாற்றுங்கள். முன்னால் ஆடும் ஒற்றைப் புல் போதும், மொத்தத் தொடரும் புல்லின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். இருட்டோடு போகும்போது இந்தப் புற்களைப் பார்த்து, அவை குறுக்கே வராத உயரத்தில் உட்கார வேண்டும். பிடுங்க வேண்டாம், அது பைக்காவின் தீவனம்.

எனக்கு அதிக நாட்களைத் தின்றது கானல். பாலைவனத்திலும் தார்ச்சாலையிலும்தான் கானல் என்று நினைத்திருப்போம். குளிர்ந்த மலைக்காற்றில், வெயில் பட்ட கல் சரசரவென்று சூடேறும். கல்லுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம்தான் கானலை உண்டாக்குகிறது. உங்களுக்குக் கையுறை இல்லாமல் விரல் விறைக்கும் குளிரிலும் கானல் இருக்கும். படம் முழுக்க லேசாக மெழுகு உருகியது போல் இருக்கும், ரோமம் தனித்தனியாகப் பிரியாது. லென்ஸ் பழுது, ஃபோகஸ் தவறு, கை நடுக்கம் என்று எதையெதையோ சந்தேகித்து அமைப்புகளை மாற்றிக்கொண்டே இருக்கத் தோன்றும். சோதிப்பது எளிது. கேமராவை அசையாமல் வைத்து, திரையில் நேரடிக் காட்சியை முழுதாகப் பெரிதாக்கி, கல்லின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு நெளிந்தால் கானல். எந்த லென்ஸும் எந்த மென்பொருளும் இதைச் சரிசெய்யாது. தூரத்தைக் குறைப்பது உதவும், ஏனென்றால் நடுவில் இருக்கும் காற்று குறைகிறது. தரையை ஒட்டிப் படுத்து எடுக்கும் கோணம்தான் அழகு, ஆனால் பார்வைக்கோடு சூடான கற்களை உரசிக்கொண்டு போவதால் கானல் அங்கேதான் மோசம். ஆகவே சூரியன் சரிவைத் தொடும் வரை படுத்து எடுங்கள், தொட்டபின் சற்று உயரத்திலிருந்து எடுங்கள், விளிம்பு நெளிய ஆரம்பித்தால் மூட்டை கட்டிவிடுங்கள். வேறு வழியே இல்லாதபோது நீளமான தொடராக எடுத்தால், நெளியும் காற்று ஓரிரு கணம் அமைதியாகும்போது ஒன்றிரண்டு படம் தெளிவாக வரலாம். இன்னொரு கானல் நாமே உண்டாக்குவது: வண்டியிலோ சூடான அறையிலோ இருந்த லென்ஸை நேராகக் குளிரில் நீட்டினால், அதன் முன்னால் இருக்கும் நிழல்குழாய்க்குள் (லென்ஸ் ஹூட்) வெதுவெதுப்பான காற்று சுழன்று அதே மெழுகு விளைவைத் தரும். வெளியே எடுத்ததும் நிழல்குழாயைக் கழற்றிவிட்டு, அரை மணி நேரமாவது லென்ஸைக் குளிரவிட்டுப் பிறகு மாட்டுங்கள்.

வீசலுக்கு இந்த ஒழுங்கெல்லாம் பாதிதான் பொருந்தும். ஸ்டோட், மலை வீசல் போன்ற வீசல் வகைகள் ஒரு கல்லின் சொந்தக்காரர்கள் அல்ல. பெரிய வட்டத்தில் வேட்டைக்குச் சுற்றி வருகின்றன. பைக்காவுக்காகக் காத்திருக்கும் இடத்துக்கு அவை தாமாக வருவதுதான் பெரும்பாலும் நடப்பது. சரிவு திடீரென்று வெறிச்சோடிப் போனால் லென்ஸை இறுக்கிப் பிடியுங்கள். வீசல் ஒரு இடுக்கில் நுழைந்தால் அதே இடுக்கைப் பார்த்துக்கொண்டிருப்பது வீண். பெரும்பாலும் வேறொன்றிலிருந்துதான் தலை நீட்டும். கண்ணை வ்யூஃபைண்டரிலிருந்து எடுத்து மொத்தச் சரிவையும் பார்க்க வேண்டும். வீசலுக்கு வேடிக்கை பார்க்கும் குணம் உண்டு: ஓடி மறைந்தது பின்னங்காலில் எழுந்து நின்று உங்களை ஒரு முறை திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வைதான் உங்கள் படம், ஓட்டம் அல்ல. ஜூம் லென்ஸ் இருந்தால் 300 மி.மீ. பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், முழு நீளத்தில் வைத்தால் ஃப்ரேமுக்குள் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது. எலியைப் போலக் கீச்சொலி எழுப்பி அதைக் கூப்பிடுவதைச் சிலர் சொல்லித் தருகிறார்கள். குட்டிகள் இருக்கும் காலத்தில் அது தாயை வளையிலிருந்து வீணாக இழுப்பது. நான் செய்வதில்லை, நீங்களும் செய்ய வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். அதேபோல் பைக்கா தலைகாட்டாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் அதன் மேய்ச்சலுக்குக் குறுக்கே இருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கிடைக்கும் குளிர்ந்த நேரமே கொஞ்சம்தான். பின்வாங்கிவிடுங்கள்.

குளிர்கால ஸ்டோட்டுக்கு வெள்ளை ரோமம், வால் நுனி மட்டும் கறுப்பு. வெண்பனியில் அதை எடுக்கும்போது கேமராவின் மீட்டர் பனியைச் சாம்பலாக்கிவிடும். வெளிச்ச அளவை 1 முதல் 2 ஸ்டாப் வரை கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்). மேனுவலில், வெயில் பட்ட பனி வெடித்துப்போவதற்குச் சற்றுக் கீழே நிற்கும்படி ஒரு முறை அமைத்துவிட்டு வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது. விலங்கு கறுத்த பாறைக்கு முன்னால் ஓடினாலும் வெளிச்ச அளவு மாறாது. ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டால் பாறை வந்ததும் அது எகிறி, வெள்ளை ரோமத்தில் விவரமே இல்லாமல் போகும். நிழலில் இருக்கும் பனி நீலமாக வருவது இயல்பு, கேமரா பதப்படுத்தாத மூல வடிவமான ரா கோப்பாக எடுத்திருந்தால் பிறகு சரிசெய்யலாம்.

தாங்குவதற்கு ட்ரைபாட் வேண்டுமா? கல்சரிவில் மூன்று காலுக்கும் உறுதியான இடம் கிடைப்பது அபூர்வம், மூன்று கிலோவைத் தூக்கிக்கொண்டு ஏறுவதும் சுலபமில்லை. காலியான தடித்த துணிப்பை ஒன்று எடுத்துப்போய், அங்கே உலர்ந்த மணலையோ உங்கள் சட்டையையோ திணித்து, கல்லின் மேல் வைத்து அதன்மேல் லென்ஸை வைத்தால் போதும். உட்காருவதற்கு நுரைப்பாய் கட்டாயம். குளிர் அதிகம் ஏறுவது காற்றிலிருந்து அல்ல, அடியில் இருக்கும் கல்லிலிருந்து. ஏறும்போது போட்டிருந்த வியர்த்த சட்டையை உட்காரும் முன் மாற்றிவிடுங்கள். அசையாமல் இருக்கும் உடம்பு நடக்கும் உடம்பைவிடச் சீக்கிரம் விறைத்துவிடும், நடுங்கும் கையோடு எடுத்த படமும் வீண். சரிவில் இடம் மாறும்போது லென்ஸைத் தோளில் தொங்கவிடாமல் பைக்குள் வைத்து மூடிவிட்டு, இரண்டு கையையும் காலியாக வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். பெரிய கல்லும் ஆடும். மலையில் பிற்பகலில் இடி கூடினால் படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இறங்கிவிடுங்கள்.

லித்தியம் பேட்டரி உறைகுளிரில் பாதியளவுக்குக்கூடக் குறைந்து காட்டும். செத்துவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம், உள்சட்டைப் பையில் வைத்துச் சூடாக்கினால் மீதி திரும்ப வரும். உபரி பேட்டரிகளை ஆரம்பத்திலிருந்தே உடம்போடு ஒட்டி வையுங்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இருக்கும் பேட்டரியை பவர்பேங்கில் மாட்டிச் சார்ஜ் செய்யாதீர்கள், உள்ளே நிரந்தரமாகக் கெட்டுவிடும். முதலில் தூங்கும் பைக்குள் வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும். குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குள் அப்படியே கொண்டுபோவதுதான் பணத்துக்குப் பெரிய ஆபத்து. கண்ணாடிமேல் படியும் நீர் வெளியே மட்டும் நிற்பதில்லை, லென்ஸின் உள் அடுக்குகளிலும் படிகிறது, பிறகு பூஞ்சை. ஒரு லென்ஸைச் சுத்தம் செய்ய நான் கொடுத்த தொகை அந்தப் பயணச் செலவையே தாண்டியது. வெளியே குளிரில் நிற்கும்போதே கார்டையும் பேட்டரியையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கேமராவையும் லென்ஸையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடிவிட்டு உள்ளே போங்கள். பைக்குள் இருக்கும் கேமரா அறையின் வெப்பத்துக்கு வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை திறக்கக் கூடாது. படங்களைப் பார்க்கும் ஆவலில்தான் எல்லோரும் திறப்பார்கள். அதற்காகத்தான் கார்டை முதலிலேயே எடுத்துவைக்கச் சொன்னேன்.

கடைசியாக, கார்டு கணக்கு. நொடிக்கு 20 படம், ஒவ்வொன்றும் 25 மெகாபைட் ரா கோப்பு என்றால் நொடிக்கு 500 மெகாபைட். 64 ஜிகாபைட் கார்டு இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் அழுத்தினால் நிறைந்துவிடும். அதற்கு முன்பே கேமராவின் தற்காலிக நினைவு நிரம்பி, சரியாக வீசல் திரும்பிப் பார்க்கும் கணத்தில் கேமரா திணறும். விலங்கு சும்மா மென்றுகொண்டிருக்கும்போது ஒற்றைப் படமாக எடுத்துப் பழகுங்கள், தொடரை அசைவுக்கு மட்டும் வையுங்கள். வீட்டில் தரம் பிரிப்பதற்கு மலையில் இருந்த நேரத்தைவிட அதிகமாகக்கூட ஆகலாம் என்று தெரிந்தே விடுப்பு எடுங்கள். முதல் சுற்றில் ஒளியையும் கோணத்தையும் பார்க்க வேண்டாம், 100 சதவீதத்தில் கண் தெளிவா இல்லையா என்பது மட்டும். அதிலேயே பெரும்பகுதி போய்விடும். மிஞ்சியதை இரண்டு தனித்தனி வட்டுகளில் நகலெடுத்துத் திறந்து பார்த்தபிறகே கார்டை அழியுங்கள். ஒவ்வொரு நல்ல படத்துக்கும் அது எந்தக் கல், எத்தனை மணி, வானம் தெளிவா மூட்டமா, காற்று எந்தப் பக்கம், கானல் எப்போது ஆரம்பித்தது என்று நோட்டில் குறித்திருந்தால், அடுத்த முறை பைனாகுலரோடு அலையும் நாட்கள் அந்த அளவுக்குக் குறையும். வெறும் இடப்பெயர் போதாது. அந்தக் கல்லை நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள், மறுவருடம் பனி உருகிய பிறகு சரிவில் எல்லாக் கல்லும் ஒன்றுபோலத்தான் தெரியும்.